குழியின் வாய்

பிப்ரவரி 3

அகழாய்வில் நில அளவை வேலைக்கு ஓட்டாங்காடு வந்து சேர்ந்தேன். தங்க இடம் என்று காட்டியது மூடிக்கிடக்கும் பால் சங்கக் கட்டடம். சுவரில் இன்னும் புளித்த பால் வாடை. நிலம் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியைக் கட்டிலில் வைத்துவிட்டு நான் தரையில் படுத்தேன். கருவி என்னுடையதில்லை. உடைந்தால் என் தலை.

பிப்ரவரி 4

மேட்டைப் பார்த்தேன். ஐந்து ஏக்கர் இருக்கும், புறம்போக்கு. சுற்றியுள்ள வயலைவிட இரண்டு ஆள் உயரம். செருப்பால் மண்ணைத் தட்டினால் பானை ஓடு வருகிறது; அதனால்தான் இந்தப் பெயராம். மேலே முழுக்கச் சீமைக் கருவேலம். அமராவதி ஆறு கூப்பிடு தூரத்தில் காய்ந்து கிடக்கிறது. இதைத் தோண்டத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்.

அகழாய்வு இயக்குநர் பெயர் திரிபுரசுந்தரி. ஐம்பத்தொன்பது வயது, அடுத்த வருஷம் ஓய்வு. ஆறு வருஷம் மனுப்போட்டு இந்த ஒரு பருவத்துக்கு அனுமதி வாங்கியிருக்கிறார். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "பரிதி, நீ சிவில்தானே? மண்ணைச் சுமையா பாத்துப் பழகியிருப்ப. இங்க அப்படிப் பாக்காத."

இன்னும் ஒரு கோடுகூடப் போடவில்லை, அதற்குள் புத்திமதி.

பிப்ரவரி 9

விஷயம் இப்போதுதான் முழுசாகப் புரிந்தது. எழுதி வைக்கிறேன்.

இந்த ஊரில் சென்னியப்பன் என்று ஒருவர். சேம்பர் வைத்திருக்கிறார், அதாவது செங்கல் சூளை. இந்த மேட்டு மண் செங்கலுக்கு நல்ல மண்ணாம், எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டிருக்கிறார். அகழாய்வு முடியட்டும் என்று கோட்டாட்சியர் நிறுத்தி வைத்திருக்கிறார். இங்கே இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலே ஆள் குடியிருந்தான் என்று மேடம் காட்டிவிட்டால் மேடு பாதுகாக்கப்பட்ட இடம். காட்டாவிட்டால் செங்கல்.

காட்டுவதற்குக் கரி வேண்டும். அடுப்புக்கரி மாதிரி எரிந்த மரக்கரி. கீழ் அடுக்கில் கலையாமல் கிடைத்தால் ஆய்வகம் அதன் வயதைச் சொல்லும். ஒரே ஒரு மாதிரிக்குத்தான் தொல்லியல் துறை ஒப்புதல் கொடுத்திருக்கிறது.

பிப்ரவரி 17

மட்ட அளவு முழுவதையும் திரும்ப எடுக்கச் சொன்னார். அடிப்படைப் புள்ளியில் நான்கு சென்டிமீட்டர் தவறாம். கருவி நிற்கும் முக்காலியின் ஒரு கால் வண்டல் மண்ணில் அமிழ்ந்திருக்கிறது. அது மண்ணின் தப்பு. பதினெட்டுப் பொம்பளைகள் மண்வெட்டியோடு நின்று பார்க்க, அவர்கள் முன்னாலேயே சொன்னார்.

ரங்காயி என்று ஒரு அம்மாள், தோண்டும் ஆட்களுக்குத் தலைவி மாதிரி. "ஏனுங் இன்சினீரு தம்பி, மிசினுக்குக் கண்ணு பொறை விழுந்திருச்சுங்களா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். மேடமும்தான்.

பிப்ரவரி 18

திரும்ப எடுத்தேன். சாப்பிடவில்லை.

மார்ச் 2

துணி துவைத்தேன். கேஸ் தீர்ந்தது. சிலிண்டர் வாங்க ஒரு நாள் முழுக்கப் போச்சு.

குழி இரண்டு மீட்டர் இறங்கியிருக்கிறது. மொத்தம் ஆறு அடுக்குகள் என்று மேடம் எண் போட்டிருக்கிறார், மேலிருந்து கீழே. மூன்றாவது அடுக்கில் கிடைப்பது எல்லாம் பிற்காலம், ஆயிரம் வருஷம் இருக்கும். நான்காவதில் இருந்து கறுப்பு சிவப்புப் பானை தொடங்குகிறது, அது இரண்டாயிரம் வருஷத்துப் பழசு. கீழே போகப் போகப் பழசு. குழந்தைக்குக்கூடப் புரியும்.

மார்ச் 21

ஆறாவது அடுக்கு ஆழத்தில் கரி. கைப்பிடி அளவு, நல்ல கட்டிக் கரி. மேடம் கையால் தொடவில்லை. கரண்டியால் எடுத்து அலுமினியத் தாளில் சுற்றினார். ரங்காயி குலவை போட்டாள். "எதுக்கு ரங்காயி, கல்யாணமா?" என்றார் மேடம். "பின்ன என்னுங்க, ஆறு வருசம் பொண்ணு பாத்திருக்கீங்களே!" என்றாள்.

எல்லாருக்கும் பொட்டுக்கடலை மிட்டாய். எனக்கும் ஒன்று.

மார்ச் 23

குழியின் மேற்குச் சுவரை வரைய ஆரம்பித்தேன். கரி கிடைத்தது அந்தச் சுவரை ஒட்டித்தான்.

காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும்போது ஒன்றும் தெரிவதில்லை. மருந்தடிக்கும் ஸ்பிரேயரால் சுவரில் தண்ணீர் தெளித்துவிட்டுச் சாயங்காலம் சாய்வெயிலில் பார்த்தேன். அப்போது தெரிந்தது. கரி கிடந்த இடம் ஆறாவது அடுக்கே இல்லை. பழைய காலத்தில் எவனோ மேலிருந்து தோண்டி மூடிய குழி. குழியின் அடியில்தான் கரி. குழிச் சுவரின் கறுப்புக் கோடு மேலே ஏறி, நான்காவது அடுக்கைக் கிழித்துக்கொண்டு மூன்றாவதுவரை போகிறது.

அதாவது மூன்றாம் அடுக்கு மனுஷன் தோண்டி, தன் கரியைக் கீழே போட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஆழம் பழசு, கரி புதுசு. ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஆயிரம் வருஷம் என்று வரும், அசிங்கப்பட்டுப் போவோம்.

இரண்டு மாதத்தில் முதல் தடவையாக எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது.

மார்ச் 24

காலையில் மேடத்திடம் படத்தைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். சுவரைப் போய்ப் பார்த்தார், திரும்பி வந்து படத்தைப் பார்த்தார்.

"குழி இருக்கு. நான் கவனிச்சிருக்கணும். சரி. ஆனா அதோட வாய் எங்க இருக்கு?"

"மூணாவதுல மேடம். கோடு போட்டிருக்கேனே."

"எதை வெச்சுப் போட்ட?"

"கண்ணை வெச்சு."

"நக்கல் வேண்டாம். குழி எந்த அடுக்கில இருந்து தோண்டினதோ அதுதான் அதோட காலம். வாய் நாலாவதுக்குக் கீழ இருந்தா இந்தக் கரி நமக்குப் போதும். இதோ, இதுவரைக்கும் நிறம் மாறுறது எனக்கும் தெரியுது. அதுக்கு மேல போறது குழிச் சுவர்தானா? வேரா இருக்கலாம், எலி பறிச்சதா இருக்கலாம். மேல்பாதியைப் புள்ளிக்கோடாப் போடு. சந்தேகம்னா புள்ளி. அதுதான் முறை."

"எனக்குச் சந்தேகம் இல்ல மேடம்."

"எனக்கு இருக்கு."

"அப்ப நீங்களே வரைஞ்சுக்கங்க. நான் பாக்காததை நான் போட மாட்டேன், பாத்ததை மறைக்கவும் மாட்டேன்."

பின்னால் ரங்காயி யாரிடமோ, "மாமியாளும் மருமவனுமாட்ட தெனமும் இதே பொழப்பு" என்றாள்.

மேடம் கத்தவில்லை. "சுவரை இன்னும் அரை அடி உள்ள செதுக்கிப் பாரு. குழியா இருந்தா உள்ளயும் அதே அகலத்துக்குப் போகும். எலி வளைன்னா திரும்பிடும். பாத்துட்டு முழுக்கோடு போட்டுக்க, நானே கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

சரி என்றேன்.

மார்ச் 25

அரை அடி என்றால் சும்மா இல்லை. மேலிருந்து கீழே மூன்று மீட்டர் சுவர். கரண்டியால் சுரண்ட வேண்டும். இரண்டு நாள் வேலை. தெரிந்த பதிலுக்கு எதற்கு இரண்டு நாள்? புகைப்படம் இருக்கிறது, படம் இருக்கிறது. ஆட்களைத் தோண்டி முடித்த வடக்குக் குழியை மூடுவதற்கு அனுப்பினேன். அதுவும் கிடப்பில் இருந்த வேலைதான்.

மேடம் கோயம்புத்தூர் போயிருக்கிறார், நாளை மறுநாள் வருவார்.

மார்ச் 26

ராத்திரி மழை. பங்குனியில் இப்படி ஒரு மழை பார்த்ததில்லை என்று ஊரே சொல்கிறது. தார்ப்பாய் பறந்துவிட்டது. மேற்குச் சுவர் மொத்தமாகச் சரிந்து குழிக்குள் கிடக்கிறது.

மழை என் தப்பில்லை.

மார்ச் 27

மேடம் வந்தார். சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். "செதுக்கினியா?" என்றார். "வடக்குக் குழியை மூடினோம்" என்றேன். அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது நல்லதுதான், வேலை ஓடுகிறது.

படத்தை நான் வரைந்தபடியே முழுக்கோட்டோடு துறைக்கு அனுப்பினேன். நகல் சென்னியப்பன் உட்பட சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் போக வேண்டும் என்பது விதி. அனுப்பும் முன் மேடம் கோட்டின் பக்கத்திலேயே தன் கையால் "மேல் எல்லை உறுதியில்லை" என்று எழுதினார். பென்சிலில்.

ஏப்ரல் 6

சென்னியப்பன் வீட்டில் கெடா விருந்து. ஊருக்கே அழைப்பு. மேடம் வரவில்லை. நான் போனேன். இரண்டு மாதமாக நானே வடித்த சோறு தின்கிறேன், கறிச்சோறு என்றால் யார் விடுவார்கள்.

மனுஷர் மரியாதையானவர். பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாறச் சொன்னார். "தம்பி நெய்வேலிங்களா? சுரங்கத்து ஊரு. மண்ணைப் பத்தி உங்களுக்குச் சொல்லித்தரணுமா? ஏனுங் தம்பி, நம்ம மேட்டுல அப்படி என்னதானுங்க இருக்குது? எனக்கு வெளங்கவே மாட்டேங்குது."

எளிமையாக ஒன்றைச் சொல்லிப் புரியவைப்பது எனக்குப் பிடிக்கும். இலையில் சோற்றைத் தட்டையாகப் பரப்பினேன். அதன் மேல் குழம்பு, அதன் மேல் இன்னொரு சோறு. இதுதான் அடுக்கு என்றேன். விரலால் மேலிருந்து ஓட்டை போட்டு ரசத்தை ஊற்றினேன். ரசம் அடிவரை போய் நின்றது. "இப்ப ரசம் அடியில இருக்கு. அதுக்காக முதல்ல ஊத்தினது ரசம்னு சொல்ல முடியுமா?"

"அட!" என்றார். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். "அப்ப அந்த அம்மா எடுத்த கரி ரசமுங்களா?"

"ரசம்தான்."

"அடேங்கப்பா. படிச்சவங்க படிச்சவங்கதான்." எலும்பு ஒன்றை என் இலையில் வைக்கச் சொன்னார்.

நான் யாருக்கும் ரகசியம் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னேன். உண்மைக்குக் கட்சி கிடையாது.

ஏப்ரல் 19

கோட்டாட்சியர் அலுவலகத்தில் மண் எடுக்கும் அனுமதி பற்றி விசாரணை. மின்விசிறி ஓடவில்லை.

சென்னியப்பனின் வக்கீல் எழுந்ததும் முதல் வார்த்தையே "குழி" என்றார். கரி கிடைத்தது பிற்காலக் குழியில் என்று அகழாய்வின் சொந்த அளவையாளரே சொல்லியிருக்கிறார், படத்திலும் இருக்கிறது என்றார். கோட்டாட்சியர் என்னைப் பார்த்து, "நீங்கதானா? இந்தக் கோடு சரியா?" என்றார்.

மேடமும் பார்த்தார். அவர் முகத்தில் எனக்குப் பிடிக்காத ஏதோ ஒன்று இருந்தது. கெஞ்சல் இல்லை. காத்திருப்பது மாதிரி.

"சரிதான் சார்," என்றேன்.

"சந்தேகம் உண்டா?"

"இல்ல."

மேடம் பென்சில் குறிப்பைக் காட்டினார். வக்கீல், "சுவர் இப்ப இருக்குதுங்களா, போய்ப் பாக்கலாமா?" என்றார். சுவர் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

வெளியே வந்ததும் மேடம் சொன்னது இதுதான்: "ஒரு புள்ளி வெச்சிருக்கலாம், பரிதி."

எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்லச் சொல்கிறாரா?

ஏப்ரல் 24

துறை கரி மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பவில்லை. சர்ச்சைக்குரியதாம். பருவத்தையும் முன்கூட்டியே முடிக்கச் சொல்லிவிட்டார்கள். மேடமே பெட்டிகளைக் கட்டினார். கரிப் பொட்டலத்தைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன்.

ஆட்களுக்குக் கடைசி நாள். ரங்காயியிடம் இனி எங்கே வேலை என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"சேம்பருக்குத்தானுங். அங்கயும் இதே மண்ணுதான் வருமாட்ட இருக்குது. இங்க கரண்டியில எடுத்தோம், அங்க கூடையில எடுப்போம். உங்க புண்ணியத்துல வேலைக்குக் கொறச்சலில்லீங் தம்பி."

ஊர்ப் பேச்சு. பொருட்படுத்த ஒன்றுமில்லை.

மே 11

நெய்வேலி. மூன்று கம்பெனிக்கு எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை.

மே 30

சாலை போடும் ஒரு கம்பெனியில் நேர்காணல். முந்தைய வேலையின் அதிகாரி சான்று கேட்டார்கள். மேடத்திடம் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்கவில்லை.

ஜூன் 14

"இன்னிக்கும் வெளியே போகலியா?" என்று அம்மா கேட்கிறாள். தினமும் கேட்கிறாள்.

ஜூலை 2

சென்னியப்பன் போன். மண் எடுக்க அனுமதி வந்துவிட்டதாம். எடுத்த மண்ணுக்குக் கன அளவு காட்ட வேண்டும், அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். "வேற ஆளு வெச்சா மேட்டை மொதல்ல இருந்து அளக்கோணும். உங்ககிட்டத்தான் பழைய அளவு அப்படியே இருக்குதுங்களே தம்பி. வந்துருங்க."

பழைய அளவு என் கணினியில்தான் இருக்கிறது. திரும்பத் திரும்ப எடுத்த அளவு, பிசகில்லாத அளவு. வேலை வேலைதான்.

ஜூலை 6

இந்தத் தடவை தங்கல் சென்னியப்பனின் சேம்பர் அலுவலக மாடியில். கட்டில், மெத்தை, மின்விசிறி. சாப்பாடு வீட்டிலிருந்து வருகிறது.

மேட்டில் இரண்டு ஜேசிபி, ஐந்து டிப்பர். கிழக்குப் பக்கம் கால்வாசி போய்விட்டது. நான் சாயங்காலம் அளந்து, பழைய பரப்பிலிருந்து கழித்துக் கன மீட்டர் சொல்கிறேன். மண்ணைச் சுமையாகப் பார்க்கும் வேலை. இதில் வாதமே கிடையாது.

ஜூலை 10

இன்று வெட்டு எங்கள் பழைய அகழாய்வுக் குழிக்கு மேற்கே வந்தது. ஜேசிபி நேராகச் சீவியிருந்தது, நாங்கள் மாதக்கணக்கில் சுரண்டியும் கிடைக்காத சுத்தமான சுவர். முன்பு சரிந்த சுவருக்கு ஒரு மீட்டர் உள்ளே. மேலிருந்து கீழே ஆறு அடுக்கும் கோடு போட்ட மாதிரி நின்றன.

கரி கிடந்த அந்தப் பழங்காலக் குழியின் மறுபாதி அங்கே இருந்தது.

ஓட்டுநரிடம் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கிட்டே போனேன். குழி ஐந்தாவது அடுக்கிலிருந்து இறங்குகிறது. அதன் வாயின் மேலே, குறுக்கே, ஒரு விரற்கடை தடிமனில் களிமண் தளம். அடித்து இறுக்கிய வீட்டுத் தரை. ஒரு இடத்திலும் உடையவில்லை. அதற்கு மேல்தான் நான்காவது அடுக்கு, அப்படியே முழுசாக. குழியை மூடிவிட்டு, அதன் மேல் தரை போட்டு, அந்தத் தரையின் மேல் கறுப்பு சிவப்புப் பானையில் சமைத்திருக்கிறார்கள்.

நான் கோடு போட்ட கறுப்பும் இருந்தது. தளத்தின் ஓரமாக வளைந்து மேலே ஏறி, மூன்றாவதில் ஒரு பொந்தாக முடிகிறது. உள்ளே விரலை விட்டேன். கடலைத் தொலி, உரச்சாக்கு நூல். பெருச்சாளி வளை.

ஜேசிபிக்காரன் பீடி குடித்துக்கொண்டே, "என்னுங்க சார், புதையலுங்களா?" என்றான்.

"ஒண்ணுமில்ல."

மாலை மேடத்துக்குப் போன் செய்தேன். ஏன் என்று தெரியவில்லை. தகவல் தகவல்தான், சொல்ல வேண்டியவருக்குச் சொல்ல வேண்டும். அவருக்கு இப்போது ஏதோ ஒரு கிடங்கில் ஓடுகளுக்கு எண் போடும் வேலையாம்.

"மேடம், குழியோட வாய் நாலாவதுக்குக் கீழதான் இருக்கு. மேல தளம் இருக்கு. நான் பாத்தது வளை."

"எந்தச் சுவர்ல பாத்த?" என்றார்.

"புது வெட்டு. ஜேசிபி வெட்டினது."

"நீ அங்க என்ன பண்ற?"

"கன அளவு எடுக்கறேன். சென்னியப்பனுக்கு."

திட்டுவார் என்று நினைத்தேன். "இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்றார்.

"பாதிக்கு மேல."

"அந்தப் பக்கம் கை வைக்காம ரெண்டு நாள் நிறுத்தி வை. நான் வர்றேன்."

நிறுத்த நான் யார்? இதை அவரிடம் சொல்லவில்லை. வேறு பக்கம் வெட்டச் சொன்னேன், வடக்கே மண் காய்ந்திருக்கிறது என்று காரணம் சொன்னேன். அது உண்மையும்கூட.

ஜூலை 11

சென்னியப்பன் கேட்டார், "ஏனுங் தம்பி, மேக்கால ஏன் விட்டுட்டாங்க?" ஈரம் என்றேன். என்னைப் பார்த்தார். "ஈரமுங்களா," என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டில் கறி இருந்தது.

ஜூலை 12

மேடம் பேருந்தில் வந்தார், தனியாக. குடையைப் பிடித்துக்கொண்டு சுவர் முன்னால் நின்றார். தளத்தை விரலால் தடவினார். அழவில்லை. ஒரு தாளை எடுத்து நீட்டினார். நான் விசாரணையில் சொன்னது தவறு, குழி பழையது, வேலையை நிறுத்தி மறுபடி பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அதில். கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"மேடம், நான் இப்ப அவர்கிட்ட வேலை செய்யறேன்."

"தெரியும். அதனாலதான் உன் கையெழுத்துக்கு மதிப்பு. நான் சொன்னா கிழவி புலம்பறான்னு விட்டுடுவாங்க."

தாளைக் கையில் வாங்கினேன். படித்தேன். ஒரு இடத்தில் 'கவனக்குறைவால்' என்று இருந்தது. அது சரியில்லை. நான் கவனமாகத்தான் பார்த்தேன். கவனமாகப் பார்த்ததும் தவறாகலாம், அது வேறு விஷயம். அந்த வார்த்தையை எடுக்க வேண்டும் என்றேன்.

"எடுத்துடு. அடிச்சுட்டுப் போடு." பேனாவை நீட்டினார்.

அப்போது சென்னியப்பனின் பைக் மேட்டுக்குக் கீழே வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. வண்டியிலேயே உட்கார்ந்து, மேடத்துக்கு இரண்டு கையும் கூப்பிக் கும்பிடு போட்டார். பிறகு என்னைப் பார்த்தார். ஜேசிபிக்காரன் அவரைப் பார்த்தான், அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவன் என் பக்கம் திரும்பினான்.

"சார், மேக்கால ஓட்டட்டுங்களா?"

எல்லாரும் என்னையே பார்த்தால் நான் என்ன செய்வது? நின்றவாறே, எழுதி நீட்டும் தாளில் கையெழுத்துப் போட முடியுமா? யோசிக்க வேண்டாமா? "யோசிச்சு சொல்றேன் மேடம்" என்றேன். தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை, அது கீழே விழுந்தது.

ஜேசிபிக்காரனுக்குத் தலையாட்டினேன். ஈரம் காய்ந்திருந்தது.

மூன்று வாளியில் சுவர் போய்விட்டது. தளம் உடையும்போது சத்தம் எதுவும் கேட்கவில்லை. அந்தச் சுவர் மண் டிப்பர் ஒன்றில் பாதிதான் வந்தது.

மேடத்துக்கு அடுத்த பேருந்து சாயங்காலம்தான். சாலைக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில், குடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பேருந்து வரும்வரை மேட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் இன்றைய அளவை எடுத்து முடித்தேன். மேற்கு மூலையில் ஒரு புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. அதற்குக் கருவியை அவர் இருந்த பக்கம் திருப்ப வேண்டும். அந்தப் புள்ளியை மட்டும் கணக்கில் ஊகித்துப் போட்டேன்.